ஓசையில்லாத எச்

டுலூத் மாவட்ட நீதிமன்றத்தில்
சுருக்கெழுத்தாளர் வெர்னா லிண்ட்குவிஸ்ட்டின் விரல்களுக்கு
அது ஒரே அழுத்து.
"யுவர் ஆனர்":
மூன்று விசைகள் சேர்ந்து விழும்,
சத்தமே வராது.
அந்தச் சொல்லின் முதல் எழுத்தும் அப்படித்தான்.
எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள்.
வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து
யாரும் வாய்திறக்காத விஷயம் போல
முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது எச்.

ஏரிக்கு வடக்கே கனடாக்காரர்கள்
நடுவில் ஒரு யூ சேர்த்து எழுதுகிறார்கள்.
இந்தக் கரையில் அதைக் கழற்றிவிட்டார்கள்.
எடை குறைந்ததா என்று
எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வழக்கு.
குற்றம்: ஆனர் செய்யப்படாத காசோலை.
நம்மிடம் காசோலை திரும்பும், அவ்வளவுதான்.
போன ஆள் போன வழியே வந்ததுபோல.
அவர்களிடம் அதற்கு
மானம் போகிறது.

நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
ஆர்டிஸ் பெர்கம் கூண்டிலேறிச் சொன்னாள்:
"சாலையோரம் என் பூசணிக் கடை.
ஆள் வைக்கவில்லை, ஒரு தகரப் பெட்டிதான்.
'ஆனர் பாக்ஸ்' என்று நானே பெயின்ட்டில் எழுதினேன்.
பதினாறு எடுத்துக்கொண்டு
இந்தக் காகிதத்தைப் போட்டிருக்கிறார்.
எழுதியதை அவர் ஆனர் பண்ணவில்லை."

வெர்னாவின் இயந்திரத்துக்கு ஒரு ஆனரைத்தான் தெரியும்.
திரையில் விழுந்தது:
எழுதியதை அவர் யுவர் ஆனர் பண்ணவில்லை.
ராத்திரி திருத்தவேண்டும் என்று
ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

குற்றம் சாட்டப்பட்டவர் வெண்டெல் டாஃப்டி.
ஏழு குளிர்காலம் ஆனர் கார்டில் இருந்தவர்.
யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் பெட்டியைச் சுமந்தவர்.
கொடியை முக்கோணமாக மடிக்கும்போது
சிவப்பு வெளியே தெரியக்கூடாது,
அதுதான் முறை.
வங்கிக் கணக்கையும்
அப்படியே மடித்து மடித்து வைத்திருந்தார்.

மகள் கல்யாணம். பதினாறு மேசை.
மேசைக்கு ஒரு பூசணி, உள்ளே மெழுகுவர்த்தி.
மகள் ஆனர்ஸோடு பட்டம் வாங்கியவள்,
அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது.
தோழிப்பெண் ஒருத்தி,
மெய்ட் ஆஃப் ஆனர்,
கோப்பையை உயர்த்தி அப்பாவைப் புகழ்ந்தாள்.
அன்று யாருக்கும் பூசணியின் விலை தெரியாது.

இந்த ஒரு சொல்லுக்கு
மரியாதை, மதிப்பு, கௌரவம், கண்ணியம், மானம் என
நான் ஐந்தாறு பாத்திரம் எடுத்து வைத்தேன்.
அது எதிலும் நிற்காமல்
எல்லாவற்றிலும் கொஞ்சம் சிந்திப் போகிறது.

நீதிபதி கோர்ஹோனென் கேட்டார்:
"நேரில் போய் ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாமே, மிஸ்டர் டாஃப்டி?"
வெர்னாவின் விரல்கள் காத்திருந்தன.
மானம் கப்பலேறும் என்போம் நாம்.
இங்கே ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஒரு கப்பல்,
இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு
தூக்குப்பாலத்தின் அடியில்
நீளமாக ஒருமுறை ஒலித்துவிட்டுப் போயிற்று.
வெண்டெல் திரும்பி அதைப் பார்த்தார்.
வெர்னா அடித்தாள்:
(பதில் இல்லை.)

பணத்தைக் கட்டவேண்டும்,
நாற்பது மணிநேரம் பூங்காவில் இலை கூட்டவேண்டும்.
முடிந்தது. நாலாவது வழக்கு.

சாயங்காலம் வீடு திரும்பும் வழியில்
அதே பெட்டி, அதே பெயின்ட்.
ஆர்டிஸ் அதை எடுத்துவிடவில்லை,
'காசோலை வேண்டாம்' என்று
அடியில் ஒரு வரி கூடியிருந்தது.
பூசணி ஏழு டாலர்.
வெர்னாவின் பையில் ஒரு ஐந்து, ஒரு ஒன்று.
சாலையில் ஈ காக்கை இல்லை.
ஆறையும் போட்டாள்.
சின்னதாகப் பார்த்து எடுக்கலாமென்று குனிந்து
பெரியதாக ஒன்றைத் தூக்கினாள்.
நாளைக்கு வந்து போட்டுவிடலாம்.

வியாழன் இரவு பனி விழுந்தது.
கடையைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டார்கள்.
தினம் அறுபது தடவை
அந்தச் சொல்லை அடிப்பவள்
ஒரு டாலர் நோட்டை
கார் கண்ணாடியின் மேல்மடிப்பில் செருகி வைத்திருக்கிறாள்.
வெயில் கண்ணில் அடித்து அதை இறக்கும்போதெல்லாம்
மடியில் விழுகிறது.