பல் பார்த்தல்

மாட்டுச் சந்தையில் என் சித்தப்பா
வாயைப் பிளந்து பல் பார்த்துத்தான் வயது சொல்வார்.
என் வேலையும் அதுதான்.
மாடு இல்லை, அவ்வளவே.
வாயும் இல்லை.

விக்டோரியா ஏரியின் அடிவயிற்றிலிருந்து
குழாயில் உருவி எடுத்த சேற்றைக்
கஞ்சியாய்க் கரைத்துச் சலித்து
ஒற்றை முடித் தூரிகையால் ஒதுக்குகிறேன்.
கடுகில் கால்வாசி இருக்கும்
ஒரு ஃபுரு மீனின் பல்.
நேற்று பதினேழு கிடைத்தன.
இன்று மின்சாரம் போகும்வரை ஆறு.

ம்வான்சா கரையில் அத்தனைக்கும் ஒரே பெயர், ஃபுரு.
நத்தையை உடைப்பது, பாறையில் பாசி சுரண்டுவது,
அடுத்தவள் குஞ்சை அவள் வாயிலிருந்தே பறிப்பது,
ஐந்நூறு இனமும்
ந்க்விம்பாவின் தட்டில் ஒரே குவியல்.
சங்காரா மீனைக் கொண்டுவந்து விட்டார்கள்;
அது தின்றது போக மிச்சமே இப்போது குவியல்.
விலை மட்டும் ஏறியிருக்கிறது.

பெர்ன் நகரத்திலிருந்து ரேட்டோ அழைக்கிறான்.
மரபணுவைக் கடிகாரமாகப் படிப்பவன்.
எழுத்துப் பிழைகளை எண்ணி,
பிழைக்கு இத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டு,
"ஒரு லட்சத்துக்கும் மேலே, கபுலா" என்கிறான்.

குழாயின் கடைசி முழத்தைத் திரைக்கு நேரே பிடிக்கிறேன்.
புல்லின் வேர்.
பதினாறாயிரம் சொச்சம் ஆண்டுக்கு முன்
இங்கே ஏரியே கிடையாது.
மான் மேய்ந்திருக்கும்.
தண்ணீரே இல்லாத வீட்டில்
எந்த மீன்கள் பாகம் பிரித்துக்கொண்டன?

வேறு வேறு ஆறுகளில் முன்பே பிரிந்துபோன பங்காளிகள்
எப்போதோ ஒரு வெள்ளத்தில் கலந்து
பழைய எழுத்துகளையே கலைத்துப் போட்டு
இங்கே புதிது புதிதாய்
அடுக்கிக்கொண்டிருக்கலாம் என்கிறான்.
சொத்து பழையது, வீடு புதிது.
இருக்கலாம்.
சேறு தலையாட்டவில்லை.

மறுபடி கண்ணாடியில் குனிகிறேன்.
இந்தப் பல்லுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்:
இதற்குள் நான் பிறந்துவிட்டிருந்தேன்.
எவ்வளவு முன்னால் என்று கேட்டால் பதில் இல்லை.
படிவத்தில் வயதுக்கான கட்டத்தில்
முதலில் "குறைந்தது" என்று எழுதிவிட்டுத்தான்
எண்ணை எழுதுகிறேன்.

எங்கள் சுகுமா மொழியில்
கபுலா என்றால் மழையில் பிறந்தவள்.
பள்ளியில் சேர்த்த அன்று
தேதி கேட்ட எழுத்தர்
பதிலுக்குக் காத்திராமல் ஜூலை ஒன்று என்று போட்டார்.
எல்லாச் சான்றிதழிலும் இன்றுவரை அதுதான்.

ஜூலையில் இங்கே
ஒரு சொட்டு விழுவதில்லை.