ஐந்தில் இரண்டு

நாகலூருக்கு மேலே நாற்பது ஏக்கர், குத்தகை.
காப்பி மொட்டெல்லாம் ஊறிய அரிசிபோலத் தடித்து நிற்கிறது.
ஓரங்குலம் நனைந்தால் பூக்கும்.
நனையாவிட்டால் அப்படியே கருகும்.
இன்று மார்ச் பதினெட்டு.
மிஞ்சிப்போனால் பத்து நாள் தாங்கும்.

குட்டையில் ஒரே ஒரு சுற்றுக்குத் தண்ணீர்.
டீசல், வாடகைக் குழாய், ராத்திரிக் கூலி:
இரண்டு லட்சம்.
பூ போனால் ஐந்து.
எல்லா ஏக்கரும் நனைய ஒன்பது ராத்திரி ஆகும்,
ஆகையால் பொறுத்துப் பார்க்கலாம் என்பதும்
ஒரு முடிவுதான்.

லீ பஜாரிலிருந்து ரத்னவேல் பேசினார், பாதிப் பணம் அவருடையது.
"மழை வரும்னு மனசு சொல்லுது, பிலோமினா."
உங்கள் மனசிடம் எத்தனை வருஷக் கணக்கு இருக்கிறது
என்று கேட்கவில்லை.
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பழைய ரைட்டர் ஞானாதிக்கத்தின் மழை நோட்டு
பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.
முப்பத்து மூன்று மார்ச், தேதிவாரியாய்,
அங்குலத்தில், ஒரே சாய்வான கையெழுத்தில்.
நான்கு பக்கம் மட்டும் பூஞ்சை பிடித்து
ஒன்றோடொன்று ஒட்டிப் பொடிந்துவிட்டது.

மிச்சம் இருபத்தொன்பது.
இந்தப் பத்து நாளுக்குள்
ஓரங்குலம் பெய்த வருஷம் பதின்மூன்று,
ஏமாற்றியது பதினாறு.

பென்சிலைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது:
பூஞ்சை எந்த வருஷத்தைத் தின்னும்?
ஈரமான வருஷத்தைத்தான்.
வெயில் காய்ந்த பக்கங்கள் மொடமொடவென்று பிழைத்துக்கொண்டன.
இந்த நோட்டுக்கு
வறட்சிதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, தொலைந்த நான்கிலும் மழை என்றே வைத்தேன்.
இப்போது முப்பத்து மூன்றில் பதினாறு காய்ச்சல்.
பாதிக்குச் சற்றுக் கீழே.
ஐந்து லட்சத்தில் பாதி இரண்டரை,
கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும்
பம்பு செலவைத் தாண்டுகிறது.
காய்வதற்கான வாய்ப்பு ஐந்தில் இரண்டுக்குக் கீழே இறங்கினால்தான்
காத்திருப்பது லாபம்.
இல்லாத பக்கங்களை என்ன சொல்ல வைத்தாலும்
அந்த இடத்துக்கு இறங்க மறுத்தன.

படுத்த பிறகு வேறொரு கணக்கு வந்து எழுப்பியது.
நூறு மார்ச் கிடைத்தால் சராசரி என் பக்கம்.
பத்திரத்தில் இருப்பது மூன்று.
அதில் ஒன்று இது.
ஐந்து லட்சம் போய்விட்டால்
அடுத்த மார்ச்சில் நான் இந்த மலையிலேயே இருக்கமாட்டேன்.
சராசரி வந்து கதவைத் தட்டும்போது
திறக்க ஆள் வேண்டுமே.

விடிந்ததும் சடையாண்டியிடம் குழாயை இறக்கச் சொன்னேன்.
அண்ணாந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் பம்பை உதைத்தான்.

எட்டு ராத்திரி. டீசல் நாற்றம், சில்வர் ஓக் அடியில் தேங்கிய சேறு,
கீழே சேலம் விளக்குகள், மேலே ஒரு மேகமில்லை.
ஒன்பதாம் ராத்திரி
முதல் நாள் நனைத்த ஏக்கர் வெள்ளையாய் விரிந்திருந்தது.
கடைசி ஏக்கருக்குக் குழாயை நகர்த்துகிறோம்,
மேட்டூர்ப் பக்கமிருந்து இடி.
அரை மணி நேரம். அளந்தபோது ஒன்று புள்ளி மூன்று அங்குலம்.
சடையாண்டி நனைந்தபடியே சிரித்தான்,
பம்பை அணைக்க மறந்து.

"ரெண்டு லட்சம் தண்ணியில போச்சு" என்றார் ரத்னவேல்.
தண்ணீரில் போடத்தானே போட்டேன்.
"அடுத்த வருஷமும் இதே கூத்தா?"
இதே நோட்டு, இதே குட்டை என்றால், ஆமாம்.
போனில் கொஞ்ச நேரம் காசு எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கும் வலிக்காமல் இல்லை.
கூலி கொடுத்த பிறகு கைப்பையை இருமுறை எண்ணினேன்,
முடிவு சரி என்பதற்காக
ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

நோட்டில் முப்பத்து நான்காவது மார்ச்சை எழுதினேன்.
தேதி, அங்குலம்.
பக்கத்தில் சின்னதாய்: பம்பு ஓட்டினோம், அப்போது தெரிந்தது இவ்வளவுதான்.
தாள் ஈரத்தில் நெளிந்தது.
மை காயும்வரை அடுப்பருகே பிடித்திருந்து,
நாற்றுப் பையில் போட்டுக் கட்டி
மேல்தட்டில் வைத்தேன்.

பெய்த வருஷம் இது.
தொலையக்கூடாது.