சம்பளச் சனிக்கிழமை

அத்தோவில் குறை இல்லை.
பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டிக்காரர்
ஆரஞ்சு நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்தார்,
எலுமிச்சையைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிழிந்தார்,
வறுத்த வெங்காயத்தைத் தாராளமாகத் தூவினார்.
வாழைத்தண்டு சூப்பில்தான்
வாழைத்தண்டைத் தேட வேண்டியிருந்தது.
"அடியில இருக்கும்மா" என்றார்.
அடியில் மிளகு இருந்தது.

"ஓசில குடுக்குறத நோண்டாத தாட்சி"
என்றாள் ஜெசிந்தா,
தன் கிண்ணத்தையும் நோண்டிக்கொண்டே.

சம்பளம் வந்த சனிக்கிழமை
தண்டையார்பேட்டை லேபை ஆறரைக்குப் பூட்டிவிட்டுக் கிளம்புவோம்.
மாதம் முழுக்க மற்றவர்களின் சர்க்கரை அளவைத்
தட்டச்சு செய்தவர்கள்
ஜிலேபி தின்னப் போகிறோம்.
வெட்கமெல்லாம் இல்லை.
விதி ஒன்று உண்டு:
காசு கொடுத்துவிட்டு வெளியே வந்து திட்டக்கூடாது,
எதுவானாலும் கடையிலேயே சொல்லிவிட வேண்டும்.

மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச்.
இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி,
பச்சைச் சட்னி, துருவிய சீஸ்.
ஒரு கடியில் பாதி துப்பட்டாவுக்குப் போனது.
முறுக்கு நல்ல முறுக்கு, வெள்ளரி நல்ல வெள்ளரி.
சில ஜாதகங்களைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜிலேபி சூடாக இருக்கும்வரை
அதைக் குறை சொல்ல எனக்கு வாய் காலியாக இருந்ததில்லை.
ஆறிப்போனது வேறு ஜிலேபி. அதைப் பற்றிப் பிறகு.

காசிமேட்டில் வஞ்சிரம் என்று வைத்தார்கள்.
ஜெசிந்தாவின் அப்பா லாஞ்சில் போனவர்,
அவள் தோலைப் புரட்டிப் பார்த்து, "இது பாறை" என்றாள்.
கடைக்காரம்மா எண்ணெயிலிருந்து தலை தூக்கவில்லை.
"பாறைதான். காலைல வந்தது.
வஞ்சிரம் ஐஸ்ல ஒரு வாரமா தூங்குது, எழுப்பவா?"
எழுப்ப வேண்டாம் என்றோம்.
பாறை அருமை. மிளகாய் மட்டும் கொஞ்சம் கருகல்.
அதையும் சொன்னோம். இன்னொரு துண்டு வந்தது,
பில்லில் ஏறாமல்.

புளியந்தோப்பு பீஃப் பிரியாணிக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது.
அரிசி உதிரி, கறி பஞ்சு, கத்தரிக்காய் தொக்கில் புளி அளவு.
என் வீட்டுக்கு அது மட்டன்.
நான் உண்மை பேசாத ஒரே சாப்பாடு.

போன மாதம் எம்.சி. ரோட்டருகே ஒரு புதுக் கடை.
திறப்பு விழா பலூன்கள் பாதி சுருங்கித் தொங்கின.
ஃபலூடா நூற்றிருபது.
சேமியா வேகவில்லை,
ரோஸ் சிரப்பில் இருமல் மருந்து வாடை,
சப்ஜா விதை மட்டும்
கொடுத்த வேலையைச் செய்திருந்தது.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
எதிரே வந்து நின்றார் முதலாளி.
"எப்படிக்கா இருக்கு?"

நாற்பது வயது இருக்கும். முகம் தெரிந்த முகம்.
நாசர் கனி. வெறும் வயிறு, பிறகு இரண்டு மணி நேரம்.
எண்ணைச் சொல்ல மாட்டேன், அது தொழில்.
ஜெசிந்தா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.
பலூனைப் பார்த்தேன். "நல்லா..." என்று தொடங்கினேன்.

"நல்லா இருக்குன்னு மச்சான் சொல்றான், மச்சினி சொல்றா.
நான் நாக்குல வெக்கக் கூடாது.
நீங்கதான ரிப்போர்ட் குடுத்தீங்க?
இதுக்கும் ஒண்ணு குடுங்க."

கொடுத்தோம்.
சேமியா, சிரப், ஐஸில் பிரிட்ஜ் வாடை,
நூற்றிருபது அதிகம் என்பது.
கல்லாவில் கிடந்த எங்கள் லேப் கவரின் பின்பக்கத்திலேயே
ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.
கடைசியில், "இனிப்பு?" என்றார்.
பேனா நின்றிருந்தது.
அந்த ஒரு வார்த்தையை
அவர் நாக்கு சும்மா விடவில்லை.

"இனிப்பு சரியா இருக்குங்க."

நேற்று மறுபடி போனோம்.
சேமியா வெந்திருக்கிறது. விலை நூறு.
ரோஸ் இன்னும் இருமல் மருந்துதான்.
சொன்னோம்.