வளைய இடைவெளி

ஒரு கனெக்டிங் ராடுக்கு எட்டாயிரம் கோழிக்கால்.
கணக்கு விஸ்லியுடையது.
நிமிடத்துக்கு எத்தனை கால் எங்கள் கத்தியைக் கடக்கிறது,
ஓவர்டைமுக்கு என்ன கூலி,
பெருக்கி, வகுத்து,
ஷப்பெக்கோ இறைச்சி ஆலையின் எஃகுச் சுவரில்
கையுறை விரலால் எழுதினான்.
பனித்த சுவரில் எண் கொஞ்ச நேரம் நின்று
பிறகு ஒழுகியது.

நாலு ராடு. முப்பத்திரண்டாயிரம் கால்.
பிஸ்டனுக்கு நாங்கள் கணக்கே போடவில்லை.

கார் தொண்ணூற்றிரண்டில் வந்த ஒரு வொயாஜி.
பாதி என்னுடையது, பாதி அவனுடையது,
எந்தப் பாதி என்று இதுவரை சண்டை வரவில்லை.
கரும்புச் சாராயத்தில் ஓடும் ஆயிரத்தெண்ணூறு சி.சி.,
தொண்ணூற்றைந்து குதிரைக்கென்று வார்த்த இரும்பு.
நாங்கள் அதனிடம் ஐந்நூறு கேட்டோம்.

முதல் தடவை கேட்டபோது
மூன்றாம் சிலிண்டர் பதில் சொன்னது.
பிஸ்டனின் மேல்விளிம்பு பிளந்து,
ராடு உடையாமல், முறியாமல்,
வணக்கம் சொல்வதுபோல் குனிந்திருந்தது.

டர்போவைத் திட்டினான் விஸ்லி.
நான் சாராயத்தைத் திட்டினேன்.
லேத் பட்டறை லோரிவால் யாரையும் திட்டாமல்
உடைந்த பிஸ்டனிலிருந்து வளையத்தைக் கழற்றி
இரண்டு முனைகளையும் விளக்கில் காட்டினார்.
கண்ணாடிபோல் மின்னின.
சூட்டில் வளர்ந்து, போக இடமில்லாமல்,
ஒன்றையொன்று முட்டித் தேய்த்த பளபளப்பு.

இறுக்கினால் பலம் என்று நினைத்து
அவ்வளவு நெருக்கமாக அவற்றைப் போட்டது நான்தான்.
சொல்லவில்லை.
அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் தடவை, ஜூலையில்.
புது பிஸ்டன், அடித்து உருவாக்கியது. புது ராடு.
ஹெட் இல்லாத பிளாக்கின் மேல் கனத்த தகடு போட்டு முறுக்கி,
ஹெட் ஏறியதாக இரும்பை நம்பவைத்து,
அந்தப் பொய்யின் உள்ளே சிலிண்டரைக் கடைந்தார் லோரிவால்.
சுவரெங்கும் மெல்லிய குறுக்குக் கீறல்கள்,
எண்ணெய் பிடித்து நிற்க.

எட்டு வளையங்களும் என் வேலை.
அரத்தில் ஒரே ஒரு இழுப்பு.
சிலிண்டருக்குள் வை, நேராக்கு,
ஃபீலர் கேஜை நுழை,
நுழையவில்லை, எடு,
இன்னொரு இழுப்பு.
அரை மில்லிமீட்டர் வெற்றிடத்துக்காக
மூன்று ராத்திரி.
இதுவரை நான் செய்ததிலேயே
எதுவும் இல்லாததைச் செய்ததுதான் அதிக நேரம் பிடித்தது.

பத்து ஸ்டட். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று.
டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு 'டிக்'குக்கும்
விஸ்லி தன் கிரெயோலில் எண்ணினான்.
நான் போர்ச்சுக்கீசில்.
இரண்டும் பத்தில் முடிந்தன.

மூன்று டிகிரிக் காலையில்
சாராயம் பற்றவில்லை.
கொஞ்சம் பெட்ரோல் ஊட்டி, திட்டி, கெஞ்சி,
ஒரு இருமல், இன்னொன்று,
பிறகு பட்டறைத் தகரமெல்லாம் பேசத் தொடங்கியது.
இரண்டு பார் அழுத்தத்தில் டைனோ காட்டியது
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
லோரிவால் பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு
மாத்தே உறிஞ்சப் போனார்.

ஞாயிறு, இருநூற்றொரு மீட்டர்.
பச்சை விளக்கு. முதல் கியர். இரண்டு.
மூன்று போட்டேன்.
ஜல்லிக் கற்களைத் தகரத்தில் கொட்டும் சத்தம்.
கார் தானாக உருண்டு வேகம் இழந்தது.
இன்ஜினோ எதுவும் நடக்காததுபோல்
சமர்த்தாக, சீராக, ஓடிக்கொண்டிருந்தது.

பலவீனத்தை நாம் ஒழிக்கவில்லை,
குடிமாற்றியிருக்கிறோம் என்றேன்.
கொனாய்வை விட்டு வந்த விஸ்லி சிரிக்கவில்லை.
"அதற்கும் எங்காவது இருக்கத்தானே வேண்டும்" என்றான்.

சாயங்காலம் கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தோம்.
வடிகட்டியில் மூன்று பற்கள்.
ஒன்றைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
திங்கட்கிழமை ஷிஃப்ட்
காலை நாலே முக்காலுக்கு.