மூட்டைக்கு ஓட்டத் தெரியாது

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
பகல் முழுக்கக் கார்களை நேராக்குகிறேன்.
கோணல் என்று விட்டுவிட்டுப் போவார்கள்,
கோணம் என்று எழுதி ரசீது போடுவேன்.
"நேரவாகி ஹோகுத்தா?"
நைஸ் ரோட்டில் ஸ்டீயரிங்கை விட்டுக் காட்டுவேன்.
அக்கம்பக்கம் பார்க்காமல் போகும்.

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
ஒரே ஒரு காரை வளைக்கிறேன்.

பழைய கான்டெஸா. கதவுகளை வெல்டு வைத்து மூடியாயிற்று,
ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும்.
தேவனஹள்ளிக்கு அப்பால் ஒரு வற்றிய ஏரியில்
தண்ணீர் லாரி சுற்றிச் சுற்றி மிதித்து வைத்த நீள்வட்டம்
அதற்காகக் காத்திருக்கிறது.
அங்கே வலது என்று ஒரு திசை கிடையாது.
இடது, இடது, கொஞ்சம் மூச்சு,
மறுபடி இடது.

ஆகவே வலது முன்சக்கரத்தின் தலை உள்ளே சாயும், மூன்றரை டிகிரி.
இடது முன்சக்கரத்தின் தலை வெளியே, இரண்டு.
முன்னால் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்,
கடைசி பஸ்ஸின் படியில் தொங்குகிறவர்கள்போல.
காஸ்டர் வலதில் ஐந்து, இடதில் இரண்டு.
கையை எடுத்தால் தானே இடப்பக்கம் இழுக்கும்.
பகலில் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
நான் தீர்த்து அனுப்பும் அதே வியாதி.

பெனசீருக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவில் இரவு ஷிஃப்ட்.
காலி சீட்டை வைத்து அளந்தால் எல்லா எண்ணும் பொய்.
இருபத்தைந்து கிலோ சோனா மசூரி இரண்டு மூட்டை,
மேலே ஐந்து கிலோ கோதுமை மாவு,
அதற்கும் மேலே அவள் ஹெல்மெட்.
வாட்ச்மேன் டார்ச் அடித்து
"உள்ள யாரு?" என்றார்.
டிரைவர் என்றேன்.

நாலு சக்கரத்துக்கு அடியில் நாலு தராசு.
வலது முன் ஸ்பிரிங்கை ஒரு சுற்றுத் திருகினால்
இடது பின்பக்கம் கனக்கிறது.
எங்கள் காம்பவுண்டிலும் அப்படித்தான்,
மாடிக்காரி குழாயைத் திறந்தால்
எதிர்மூலை வீட்டில்தான் சத்தம்.

பிறகு ஜாக்கி. மூன்று அங்குலம் மேலே, மூன்று கீழே.
ஏறி இறங்கும்போது சக்கரம் முகத்தைத் திருப்பக் கூடாது.
திருப்புகிறது.
டை ராட் முனையில் ஒரு வாஷர்.
திருப்புகிறது.
இன்னொன்று.
மணி ஒன்றரை.

ஞாயிறு, எட்டுச் சுற்று முடித்து உள்ளே வந்தாள்.
பல்லெல்லாம் மண்.
"மூக்கு திரும்ப மாட்டேங்குதுடி. நேரா சுவத்துக்கே போகுது."
உன் கால் கோளாறு என்றேன்.
உன் டிகிரி கோளாறு என்றாள்.
சண்டையை ஒத்திவைத்து
ரப்பரில் ஊசியைக் குத்தினேன், ஆறுவதற்குள்.
வலது முன் டயர்:
வெளி விளிம்பு நூற்றொன்று, நடு தொண்ணூற்றிரண்டு,
உள் விளிம்பு எண்பது.

அவள் சொன்னதுதான் சரி.
மூட்டை பிரேக் மிதிப்பதில்லை.
பெனசீர் வளைவுக்குள் பாதி தூரம் வரைக்கும் மிதிக்கிறாள்,
மொத்தக் காரும் அந்த ஒரு விளிம்பில் போய் உட்காருகிறது.
இதை அரிசி எனக்குச் சொல்லியிருக்காது.

மேல் கையின் பின்னால் ஒரு ஷிம் கூடுதலாக,
ஐந்து ரூபாய்க் காசின் தடிமன்.
டோவை மறுபடி நூல் கட்டிப் பார்த்தேன்.
மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

பதினொரு கார்களில் ஏழாவது.
ஊசி சொன்னது: எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து.
அந்த மூன்று எண்ணை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
பெனசீர் பார்த்தாள். "நல்லதா?"
நல்லது.
"அப்ப ஏன் ஏழு?"
எஞ்சினைக் கேள். அது என் டிபார்ட்மெண்ட் இல்லை.

ஜெயித்தவனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்த நேரத்தில்
குனிந்து செருப்பை மாட்டுகிற மாதிரி
அவன் டயரில் ஊசியைச் செருகினேன்.
வெளி விளிம்பு நூற்றுப் பதினான்கு.

கை கொடுத்து வாழ்த்துச் சொன்னேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.