இருபத்திரண்டரை நாள்

ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் ஓட்டலாம்
இந்தப் பழைய மோரிஸை.
ஜெயசீலனுக்கு இருபத்திரண்டரை,
எனக்கு இருபத்திரண்டரை.
அரை நாளை எப்படிப் பிரிப்பீர்கள் என்று
வக்கீல் இரண்டு முறை கேட்டார்.
வீட்டைப் பிரிக்கும்போதுகூட
அவர் இவ்வளவு யோசிக்கவில்லை.

என் முறையில்தான் நின்றது.
புக்கிட் தீமா சாலையில்,
மழைக்கு முந்தைய புழுக்கத்தில்
இரண்டு முறை இருமி, மூன்றாவதில் அடங்கி.
பின்னால் 170 பேருந்து
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.
அதுதான் அவமானம்.

ஓரங்கட்டி
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்.
மிளகளவு இரண்டு முகங்கள்.
ஒன்றில் குழி,
எதிர்முகத்தில் அதே அளவு மேடு.
இங்கிருந்து போனதெல்லாம்
அங்கே ஒட்டியிருந்தது.
கைப்பையில் இருந்த நக அரத்தால்
நாலு இழுப்பு இழுத்தேன்.
வீடுவரை வந்தது.

மெக்கானிக்குகள் இதைப் பிளாட்டினம் என்பார்கள்.
உள்ளே இருப்பது டங்ஸ்டன்.
தேக்கா நகைக்கடையில் வேலை செய்யும் என் நாத்தனார்
(இன்னும் நாத்தனார்தான், அதை யாரும் பிரிக்கவில்லை)
விலையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"இருபது வெள்ளிக்குப் பிளாட்டினமா?
எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா."

ஊபியில் இரண்டு கடை, காக்கி புக்கிட்டில் ஒன்று.
இப்போது வருபவை அட்டைப்பெட்டியில் மட்டும் அழகு.
பிளாஸ்டிக் குதிகால்,
கேமில் உரசி உரசித் தேய்ந்து
ஒரே மாதத்தில் இடைவெளியை மூடிவிடும்.
சின் மிங்கில் சியா போ சூன்
ஏணி போட்டு ஏறி
ஒரு பிஸ்கட் டின்னோடு இறங்கினார்.
மெழுகுத்தாளில் சுற்றியவை மூன்று.
ஃபைபர் குதிகால். பழைய சரக்கு.
"அஞ்சு இருந்துச்சு.
போன மாசம் ஒருத்தர் ரெண்டு எடுத்துக்கிட்டார்.
இதே வண்டிக்கு.
சட்டைப் பையில ரெண்டு மூக்குக்கண்ணாடி."
நான் எதுவும் கேட்கவில்லை.
மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, தோ பாயோ,
அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளம்.
நாலாவது கியரில் போட்டு வண்டியை விரல் விரலாகத் தள்ளினேன்,
குதிகால் கேமின் முகட்டில் வந்து நிற்கும்வரை.
அளவுத் தகடுகள் அவன் பங்குக்குப் போய்விட்டன.
வக்கீலின் பெயரட்டையை நுழைத்தேன்.
கனமான அட்டை, நல்ல வக்கீல்,
அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்கும்.
லேசாகப் பிடித்து, பிறகு விட வேண்டும்.
திருகை முறுக்கினால் இடைவெளி நழுவுகிறது.
தளர்த்தி, அட்டை, மறுபடி முறுக்கு.
கிரீஸ் தீக்குச்சித் தலையளவு.
அவன் எப்போதும் அள்ளிப் பூசுவான்,
அது தெறித்துப் பொசுங்கும்.

தொட்டுக்கொண்டிருக்கும்வரை பொறி கிடையாது.
விலகும் அந்த நொடியில்தான்.
நான் எஞ்சினைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

முதல் திருப்பிலேயே பிடித்தது.
மிச்சம் இரண்டையும் வைக்க
டாஷ்போர்டு அறையைத் திறந்தேன்.
காப்புறுதிக் காகிதங்களுக்கு அடியில்
மெழுகுத்தாள் பொட்டலம் இரண்டு.
புக்கிட் தீமாவிலும் இவை
என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தன.

ஆக நாலு, ஓடுவது ஒன்று.
ஒன்று பத்தாயிரம் மைல் தாங்கும்.
வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ஓடினால்
எனக்கு எண்பத்தொன்று ஆகும்வரை வரும்.
அவனுக்கு எண்பத்துநாலு.
அப்போதும் அரை நாளுக்குச்
சண்டை போடுவோமா?

பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிடம்.
சாவி கைமாறும் நேரம்.
நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் அபராதம்.
தெரியும்.
ஓடட்டும்.