பதினாலு ஜன்னல்

குலசேகரம் சந்தை தாண்டி
ரோஸ்லெட் டீச்சர் வீடு.
கிறிஸ்துமசுக்குத் தோகாவிலிருந்து மகன் வருகிறான்,
கைக்குழந்தையோடு.
அதற்குள் முடியணும்.

"மிஷின் வச்சா ரெண்டு நாள் ஜோலி.
எடே, வெள்ளம் தெளிச்சு விளையாடுதியா?"
மேஸ்திரி தங்கையனுக்குச் சிரிப்பு.
என் கையில் இஸ்திரிக்காரன் வைத்திருப்பதுபோல
ஒரு தெளிப்பான்.
நனைக்கிறேன். சுரண்டுகிறேன்.
மறுபடி நனைக்கிறேன்.

மஞ்சளுக்குக் கீழே நீலம்.
நீலத்துக்குக் கீழே பச்சை.
அதற்கும் அடியில், மரத்தை ஒட்டி,
ஒரு சிவப்பு.
அது எட்டிப்பார்க்கும்போதெல்லாம்
கை தானாக மெதுவாகிறது.

பதினெட்டு வருஷம் உலர்வாகத்தான் உரசினேன்.
மூக்கில் ஒரு தோர்த்து, அவ்வளவுதான்.
சாயங்காலம் சாயா, பழம்பொரி,
கை கழுவினேனா, ஞாபகமில்லை,
அப்படியே பைக்.
ஜெர்ஷா ஓடிவந்து சட்டையில் முகம் புதைப்பாள்.
"அப்பா மணம்" என்பாள்.

வயிற்றுவலி என்றுதான் போனோம்.
ஆசாரிபள்ளத்தில் டாக்டரம்மா
ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஈயம், என்றார்.
வீட்டில் பழைய பெயிண்ட் உண்டா?
இல்லை, என்றேன். உண்மைதான்.
பூசாத சிமென்ட் சுவர் எங்களுடையது,
பெயிண்ட் அடிக்க இன்னும் காசு சேரவில்லை.
அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
நீங்க என்ன ஜோலி பாக்குறீங்க?

ஜன்னலுக்குக் கீழே தார்ப்பாய்.
உதிர்ந்ததெல்லாம் சாக்குக்குள், வாய் இறுக்கிக் கட்டி.
சிரட்டையோடு சேர்த்துக் கொளுத்தலாமே என்றார் டீச்சர்.
"வேண்டாம் டீச்சர், புகையும் அதுதான்."
பெருக்கவும் விடவில்லை,
ஈரத்துணியால் நானே துடைத்தேன்.
கூலி ஏறுமா என்று கேட்டார்.
ஏறும் என்றேன்.
முகம் சுருங்கியது.
அன்றைக்கு சாயா வரவில்லை.

மறுநாள் கிழக்கு அறையில்
புதுத்தொட்டிலைக் காணோம்.
கதவின் அடியிடுக்கில்
நனைத்த சாக்கு ஒன்று திணித்திருந்தது.
யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.
சாயா வந்தது,
மூடிபோட்ட தூக்கில்.

அவர்கள் கிணற்றடியிலேயே குளிக்கிறேன்.
வேலைச்சட்டை தனிப்பையில்,
அது வீட்டுத் துணியோடு சேராது.
தலைமுடி ஈரம் காயுமுன்
திற்பரப்பு ரோட்டு ரப்பர்க்காட்டுக் குளிர்
காதில் ஏறுகிறது.

படியில் நிற்கிறாள் ஜெர்ஷா,
ரெண்டு கையும் விரித்து.
சட்டையில் மூக்கை வைத்து இழுக்கிறாள்.
"அப்பா மணக்கல்லியே" என்கிறாள், குறையாக.
"வெறும் சோப்புதான்."

இன்னும் ஒன்பது ஜன்னல் பாக்கி.